பயன் தராத சிகிச்சை: நிறுத்தும் முடிவு யாருடையது?

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் குடும்பத்தாரிடம் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "முடிந்ததையெல்லாம் செய்யட்டுமா, நிறுத்திக்கொள்ளலாமா?" கேட்கும் மருத்துவருக்கு இது மரியாதையான கேள்வியாகத் தோன்றுகிறது. நோயாளியின் உரிமையை மதித்தாயிற்று, உறவினரைக் கலந்து பேசியாயிற்று என்று அவருக்கு ஒரு நிம்மதி. எதிரே நிற்பவரின் காதில் அது வேறு மாதிரி விழுகிறது: "உங்கள் அப்பா இருக்கட்டுமா, போகட்டுமா?" இப்படிக் கேட்டால் எந்த மகளும் மகனும் "போகட்டும்" என்று சொல்வதில்லை. சொல்லிவிட்டவர்கள் அதைப் பல ஆண்டுகள் சுமக்கிறார்கள்.

இறுதிக்கட்டச் சிகிச்சை பற்றிய சச்சரவுகளில் பெரும்பகுதி, இந்தக் கேள்வி தவறாகக் கேட்கப்படுவதால்தான் பிறக்கிறது என்பது என் எண்ணம். அதற்குள் இரண்டு தனித்தனித் தீர்ப்புகள் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. இந்தச் சிகிச்சை இந்த உடலில் வேலை செய்யுமா என்பது ஒன்று. வேலை செய்தால் கிடைக்கும் வாழ்வு இவர் ஏற்கக்கூடியதுதானா என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை சொல்ல வேண்டியவர் மருத்துவர். இரண்டாவதற்கு நோயாளி, அவரால் முடியாதபோது அவரை அறிந்தவர்கள். நடைமுறையில் இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. வேலையே செய்யாத சிகிச்சையை "வேண்டுமா?" என்று குடும்பத்திடம் கேட்கிறார்கள். வாழ்வின் தரம் பற்றிய தன் சொந்த அபிப்பிராயத்தை "மருத்துவ ரீதியாகப் பயனில்லை" என்று மருத்துவர் அறிவித்துவிடுகிறார்.

தீராத நோயாளியிடமிருந்து மருத்துவர் விலகிக்கொள்ளலாம் என்பது மிகப் பழைய விதி. ஹிப்போகிரட்டிஸ் பெயரில் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களில் ஒன்று, நோய் முற்றாக ஆட்கொண்டுவிட்டவர்களுக்குச் சிகிச்சை அளிக்க மறுப்பதை மருத்துவக் கலையின் இலக்கணத்திலேயே சேர்க்கிறது. ஆயுர்வேதமும் தீரும் நோய், கட்டுக்குள் வைக்கக்கூடிய நோய், தீராத நோய் என்று பிரித்து, கடைசி வகையில் கை வைக்கும் வைத்தியர் பொருளையும் பெயரையும் இழப்பார் என்று எச்சரித்தது. நோயாளியின் துன்பத்தைவிட வைத்தியரின் பெயர்தான் அங்கே பெரிய கவலையாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எப்படியானாலும், அன்று மருத்துவர் விலகியதால் நோயாளி இழந்தது சொற்பம். கையில் இருந்த மருந்துகளின் வலிமை அவ்வளவுதான்.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை தலைகீழானது. 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, பையை அமுக்கிக் காற்றைச் செலுத்தும் முறையை பியோர்ன் இப்சென் என்ற மயக்கவியல் மருத்துவர் புகுத்தினார். பையை அமுக்குவதற்கு இயந்திரம் இல்லை. சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக, கையால் அமுக்கினார்கள். இறப்பு விகிதம் சரிந்தது. மறு ஆண்டே இப்சென் அங்கு தீவிர சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1960-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும், நெஞ்சைப் பிளக்காமல் வெளியிலிருந்து அமுக்கியே நின்ற இதயத்தை மீட்க முடியும் என்று காட்டினார்கள்.

இந்த உத்திகள் கடந்து வரக்கூடிய ஆபத்துகளுக்காகத் தோன்றியவை. போலியோவின் உக்கிரம் தணியும்வரை மூச்சுக்குத் துணை, மயக்க மருந்தால் நின்ற இதயத்துக்கு ஓர் உந்துதல். நாளடைவில் இவை எல்லோருக்கும், எந்த நோயின் கடைசிக்கும் இயல்பாகத் தரப்படுபவையாக மாறின. தரக்கூடாது என்றால்தான் தனியாக எழுதி வைக்க வேண்டும் என்ற விசித்திரமான நிலை வந்தது. வேறெந்த மருத்துவச் செயலிலும் இப்படி இல்லை. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று யாரும் முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. வேண்டுமென்றால்தான் ஒப்புதல் வாங்குகிறார்கள்.

இதன் சிக்கலை முதலில் உணர்ந்தவர்கள் அந்தக் கருவிகளை இயக்கியவர்களே. மயக்கவியல் மருத்துவர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு 1957 நவம்பரில் விடையளித்த போப் பன்னிரண்டாம் பத்திநாதர், உயிரைக் காக்க இயல்பான வழிகளைக் கையாளும் கடமை உண்டு, பெரும் சுமையாகும் அசாதாரண வழிகளைக் கையாளும் கடமை இல்லை என்றார். செயற்கைச் சுவாசம் அந்த இரண்டாவது வகையில் சேரக்கூடும் என்றும் ஏற்றுக்கொண்டார். உயிரின் புனிதத்தை விட்டுக்கொடுக்காத ஒரு பீடத்திலிருந்து இவ்வளவு முன்னதாக இப்படி ஒரு பதில் வந்தது பலருக்குத் தெரிவதில்லை. மதம் என்றாலே கடைசி மூச்சுவரை இயந்திரம் என்று நினைக்கும் மருத்துவர்களுக்கும் தெரிவதில்லை.

இதய மீட்பு முயற்சியைச் சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் மக்கள் மனத்தில் உள்ள படத்துக்கும் உண்மைக்கும் இங்கேதான் தூரம் அதிகம். அமெரிக்கத் தொலைக்காட்சியின் மருத்துவத் தொடர்களை ஆராய்ந்து 1996-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, திரையில் இதயம் நின்றவர்களில் 75 சதவீதத்தினர் அப்போதைக்குப் பிழைத்துக்கொண்டார்கள். நிஜ மருத்துவமனையில் இதயம் நின்று, மீட்பு முயற்சிக்குப் பின் வீடு திரும்புகிறவர்கள், வசதிகள் நிறைந்த இடங்களிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். அந்த ஒருவர் பெரும்பாலும் மாரடைப்பு போன்ற திடீர்க் காரணத்தால் இதயத் துடிப்பு தடம் புரண்டவர். மற்ற உறுப்புகள் நன்றாக இருப்பவர்.

புற்றுநோய் பரவி, சிறுநீரகமும் கல்லீரலும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தபின் இதயம் நிற்பது வேறு கதை. அங்கே இதயம் நின்றதால் மரணம் வரவில்லை. மரணம் வந்துகொண்டிருந்ததால் இதயம் நின்றது. அதை மீட்க நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, நெஞ்சு ஐந்து சென்டிமீட்டராவது உள்ளே போகும்படி அமுக்க வேண்டும். முதியவர்களின் விலா எலும்புகள் அடிக்கடி முறியும். குடும்பத்தினர் வெளியே அனுப்பப்படுவார்கள். அவருடைய கடைசிப் பத்து இருபது நிமிடங்கள் இப்படித்தான் கழியும். "முடிந்ததையெல்லாம் செய்யுங்கள்" என்ற வாக்கியத்தின் நடைமுறைப் பொருள் இது என்று எத்தனை பேருக்கு விளக்கப்படுகிறது?

விளக்குவதற்குப் பதிலாகச் சில இடங்களில் ஒரு நாடகம் நடக்கிறது. குடும்பம் வற்புறுத்துகிறது, மருத்துவக் குழுவுக்கு நம்பிக்கை இல்லை. எனவே மெதுவாக வருகிறார்கள், பட்டும் படாமலும் அமுக்குகிறார்கள், சிறிது நேரத்தில் நிறுத்திவிட்டு வந்து உதட்டைப் பிதுக்குகிறார்கள். கருணையினால் செய்கிறோம் என்பார்கள். எனக்கு அது ஏமாற்றாகத்தான் படுகிறது. பேச வேண்டிய பேச்சைத் தவிர்ப்பதற்காக ஒரு மனிதரின் உடல்மீது நடத்தப்படும் பாவனை அது.

சரி, "பயனில்லை" என்று எப்போது துணிந்து சொல்லலாம்? 1990-ல் ஷ்னைடர்மேன், ஜெக்கர், ஜான்சன் என்ற மூவர் எழுதிய கட்டுரை இதற்கு ஓர் அளவுகோல் தர முயன்றது. இதே போன்ற கடைசி 100 நோயாளிகளில் ஒருவருக்கும் பலன் தராத சிகிச்சையைப் பயனற்றது எனக் கொள்ளலாம் என்றார்கள். கேட்பதற்குத் திடமாக இருக்கிறது. ஆனால் புள்ளியியல் விதிப்படி, நூறு முறை தோற்ற ஒன்றின் உண்மையான வெற்றி வாய்ப்பு 3 சதவீதம் வரைகூட இருக்கக்கூடும். நூற்றில் மூன்று என்பது சூனியம் அன்று. தன் குழந்தைக்கு என்றால் அந்த மூன்றுக்காக எதையும் தாங்கலாம் என்று ஒரு தாய் நினைப்பாள். தொண்ணூறு வயதுப் பெரியவர் அந்த மூன்றுக்காக ஒரு வாரம் குழாய்களோடு கிடக்க மாட்டேன் என்று சொல்லக்கூடும். எந்த எண்ணுக்குக் கீழே போனால் முயற்சி தேவையில்லை என்பதை எண்ணே சொல்வதில்லை. அந்தக் கோட்டை வரைவது மனிதரின் மதிப்பீடு. மேலும் "இதே போன்ற" 100 நோயாளிகள் எங்கே கிடைக்கிறார்கள்? ஒவ்வொருவரும் வெவ்வேறு வயதோடு, வெவ்வேறு நோய்க் கூட்டோடு வருகிறார்கள்.

அதே கட்டுரையின் இரண்டாவது அளவுகோல் இன்னும் வழுக்கலானது: நிரந்தரமாக நினைவிழந்த நிலையை நீட்டிக்க மட்டும் உதவும் சிகிச்சையும், தீவிர சிகிச்சைப் பிரிவை விட்டு நோயாளியை ஒருபோதும் வெளியேற்ற முடியாத சிகிச்சையும் பயனற்றவை. இந்த வாதம் வெளிவந்த மறு ஆண்டே மினியாபொலிஸ் நகரத்தில் அதற்குச் சோதனை வந்தது. ஹெல்கா வாங்லி, எண்பதைக் கடந்தவர், 1989 டிசம்பரில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். பிறகு மூச்சுத் திணறல், வென்டிலேட்டர், இதயம் நின்று மூளைக்குச் சேதம், மீளாத நினைவிழப்பு. இயந்திரத்தை அகற்றலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கணவர் மறுத்தார். உயிரை எடுப்பது கடவுளின் வேலை, மருத்துவரின் வேலை அன்று என்பது அவர் நிலை. செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டிருந்ததால் பணம் பிரச்சினையே இல்லை. மருத்துவமனை நீதிமன்றம் போனது. 1991 ஜூலை 1 அன்று, மனைவியின் சார்பில் முடிவெடுக்கக் கணவரே தகுதியானவர் என்று தீர்ப்பு வந்தது. மூன்று நாள் கழித்து ஹெல்கா இறந்துபோனார்.

அந்த மருத்துவர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வென்டிலேட்டர் அங்கே தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. காற்று போயிற்று, வந்தது. "பயனில்லை" என்று அவர்கள் சொன்னது, இப்படி வாழ்வதில் பொருளில்லை என்ற தங்கள் கருத்தை. அந்தக் கருத்து சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அது மருத்துவப் படிப்பினால் கிடைக்கும் அறிவு அன்று. 2015-ல் அமெரிக்க, ஐரோப்பியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கங்கள் ஐந்து கூடி வெளியிட்ட அறிக்கை இந்த வேறுபாட்டைத்தான் பிடித்தது. எண்ணிய உடலியல் விளைவை எட்டவே முடியாத சிகிச்சையை மட்டும் பயனற்றது என்று அழையுங்கள். விளைவு கிடைக்கக்கூடும், ஆனால் அதைத் தருவது சரியா என்ற கேள்வி இருக்கிறதென்றால் அதைப் பொருத்தமற்றதாக இருக்கக்கூடியது என்று சொல்லுங்கள். இரண்டாவது வகையில் மருத்துவர் தனியாக முடிவெடுக்காதீர்கள் என்றது. முதல் வகை மிகச் சிறியது. சண்டைகள் எல்லாம் இரண்டாவதில்தான்.

மருத்துவரின் கணிப்பு பொய்த்துப்போவதும் உண்டு என்பதால், இரண்டாவது வகையில் அடக்கம் தேவைப்படுகிறது. காரென் ஆன் குவின்லன் என்ற 21 வயதுப் பெண் 1975-ல் நினைவிழந்தார். வென்டிலேட்டரை அகற்ற அனுமதி கேட்டுப் பெற்றோர் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் வரை சென்று 1976-ல் வென்றார்கள். இயந்திரத்தை எடுத்தால் உடனே இறந்துவிடுவார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அவர் தானாக மூச்சு விட்டுக்கொண்டு 1985 வரை உயிரோடிருந்தார், நினைவு திரும்பாமலே. தென் கொரியாவில் 2009-ல் முதன்முறையாக உச்ச நீதிமன்ற அனுமதியோடு ஒரு மூதாட்டியின் வென்டிலேட்டர் அகற்றப்பட்டபோதும் இப்படியே நடந்தது. அவர் ஆறு மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார். இரண்டிலும் நீக்கியது தவறு என்று ஆகிவிடாது. இயந்திரத்தை எடுப்பதும் உயிரை எடுப்பதும் வேறு வேறு என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. ஆனால் "இன்னும் சில மணி நேரம்தான்" என்று உறுதியாகச் சொல்பவர்கள் இவற்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எதிர்த் திசையிலும் கணிப்பு தவறுகிறது, அதுதான் அடிக்கடி நடப்பதும். சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான பராமரிப்பில் சேர்க்கப்பட்ட 468 நோயாளிகளைப் பற்றி அவர்களுடைய மருத்துவர்களிடம் கேட்டு 2000-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழச் சரியாகக் கணித்தவை ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. தவறியவற்றில் பெரும்பான்மை, ஆயுளைக் கூட்டிச் சொன்னவை. ஒரு நோயாளியை நெடுநாள் அறிந்த மருத்துவருக்கு அவர் விஷயத்தில் நம்பிக்கை கூடிவிடுகிறது போலும்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது தன்னைத்தானே உண்மையாக்கிக்கொள்ளும் கணிப்பு. மூளையில் இரத்தம் கசிந்து வருபவரை முதல் நாளே "தேற மாட்டார்" என்று எழுதிவிட்டால், தீவிரச் சிகிச்சை தளர்கிறது, அவர் இறக்கிறார், கணிப்பு பலித்துவிட்டதாகப் பதிவாகிறது, அடுத்த நோயாளிக்கு அந்தப் பதிவே ஆதாரமாகிறது. இதனால்தான் அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டுதல்கள், ஏற்கெனவே விருப்பம் தெரிவிக்காத நோயாளிக்கு இத்தகைய நிலையில் மீட்பு முயற்சி வேண்டாம் என்ற புதிய உத்தரவை இரண்டாம் நாள் முழுதாகக் கழியும்வரையாவது தள்ளிப்போடச் சொல்கின்றன. இதயம் நின்று மீட்கப்பட்டும் நினைவு திரும்பாதவர் விஷயத்தில் நரம்பியல் தீர்ப்புச் சொல்ல 72 மணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விதி. பயனற்ற சிகிச்சைக்கு எதிராகப் பேசுபவர்கள் இந்தப் பொறுமையையும் சேர்த்தே பேச வேண்டும்.

தொடங்காமல் விடுவதும் தொடங்கியதை நிறுத்துவதும்

அறவியல் நூல்களும் பெரும்பாலான நாடுகளின் நீதிமன்றங்களும் இரண்டும் ஒன்றே என்கின்றன. வென்டிலேட்டர் வைக்காமல் விடுவது அனுமதிக்கத்தக்கது என்றால், அதே காரணங்கள் நிலவும்போது வைத்ததை எடுப்பதும் அனுமதிக்கத்தக்கதே. தர்க்கத்தில் இதை மறுக்க முடியாது. மனம் மட்டும் ஏற்க மறுக்கிறது. கையால் ஒரு குழாயை உருவும் மருத்துவருக்கு, செய்யாமல் இருந்ததைவிடச் செய்தது கனக்கிறது.

இஸ்ரேல் 2005-ல் இயற்றிய சட்டம் இந்த மனக்கனத்துக்குச் சட்ட வடிவமே தந்தது. யூத மரபின்படி, ஓடிக்கொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்துவது செயல். முடிந்த சுற்றைப் புதுப்பிக்காமல் விடுவது செயலின்மை. ஆகவே வென்டிலேட்டரை அணைக்கக் கூடாது. டயாலிசிஸின் அடுத்த சுற்றைத் தொடங்காமல் விடலாம். அப்படியானால் வென்டிலேட்டரையும் சுற்றுகளாக இயங்கும் கருவியாக மாற்றிவிட்டால்? குறித்த நேரத்தில் தானே நிற்கும்படி ஒரு காலக்கருவியைப் பொருத்தும் யோசனை இப்படித்தான் வந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். எனக்கு அது நேர்மையான முயற்சியாகவே தோன்றுகிறது. ஒரு சமூகம் தன் நம்பிக்கையையும் விடாமல், இறப்பவரை இயந்திரத்தில் சிறைப்படுத்தவும் விரும்பாமல் கண்ட வழி.

இரண்டுக்கும் வேறுபாடு காண்பதில் நடைமுறைத் தீங்கு ஒன்று இருக்கிறது. ஒருமுறை வைத்தால் எடுக்க முடியாது என்ற பயம் இருந்தால், பயன் கிடைக்க வாய்ப்புள்ளவருக்கும் வைக்கத் தயங்குவார்கள். எடுக்கலாம் என்ற உறுதி இருந்தால்தான் துணிந்து முயன்று பார்க்க முடியும். தென் கொரியாவில் 1997-ல் தலைக்காயத்துக்கு அறுவை சிகிச்சை முடிந்த ஒருவரை, செலவு தாங்காத மனைவியின் வற்புறுத்தலால் வென்டிலேட்டரிலிருந்து எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தேறக்கூடியவர், இறந்தார். மருத்துவர்கள் கொலைக்கு உடந்தையாக இருந்ததாகத் தண்டிக்கப்பட்டார்கள். 2004-ல் அது உச்ச நீதிமன்றத்திலும் உறுதியானது. தண்டனை நியாயமா என்பது ஒருபுறம் இருக்க, அதன் பின் அந்நாட்டு மருத்துவமனைகள் தேறவே முடியாதவர்களின் இயந்திரங்களையும் தொட அஞ்சின. 2018 பிப்ரவரியில் தனிச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை அந்த அச்சம் முழுதாக விலகவில்லை.

கருணைக்கொலையோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால்: மரணத்தை உண்டாக்கும் நோக்கத்தோடு மருந்து செலுத்துவது அது, நோய் தன் போக்கில் போவதைத் தடுக்கும் பலனற்ற முயற்சியைக் கைவிடுவது இது. முன்னதைக் குற்றமாகக் கருதும் நாடுகள் பலவும் பின்னதை ஏற்கின்றன. வலிக்குத் தரும் மார்ஃபினும் கருணைக்கொலை அன்று. வலியின் அளவுக்கேற்பப் படிப்படியாகக் கூட்டித் தரப்படும்போது அது ஆயுளைக் குறுக்குகிறது என்பதற்குச் சான்று மெலிது.

உணவு மட்டும் விதிவிலக்கான உணர்ச்சியைக் கிளப்புகிறது. 1989-ல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் மூளை சிதைந்த டோனி பிளாண்ட் என்ற இளைஞருக்குக் குழாய் வழியே தரப்பட்ட உணவை நிறுத்தலாமா என்ற வழக்கில், 1993-ல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் செயல்பட்ட பிரபுக்கள் சபை அதையும் மருத்துவச் சிகிச்சையாகவே கருதி அனுமதித்தது. சட்டம் தீர்ந்தது, மனத்தாங்கல் தீரவில்லை. பட்டினி போட்டுக் கொன்றோமோ என்று குடும்பங்கள் குமைகின்றன. இங்கே மருத்துவம் தெளிவாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு: இறப்பை நெருங்கும் உடல் தானே பசியை விடுகிறது, சாப்பிடாததால் அவர் இறக்கவில்லை. மறதிநோய் முற்றியவர்களுக்குக் குழாய் வழி உணவு ஆயுளைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-ல் அதைத் தவிர்க்கும்படியும், கையால் பொறுமையாக ஊட்டும்படியும் பரிந்துரைத்தது. ஒரு வாய் கஞ்சியை மெல்ல ஊட்டுவதில் இருக்கும் ஆறுதல், மூக்கில் செருகிய குழாயில் இல்லை என்பதை ஊட்டியவர்கள் அறிவார்கள்.

முடிவு எடுக்கப்படும் விதம்

கருத்து வேற்றுமை தீராதபோது என்ன செய்வது? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1999-ல் ஒரு விடை தந்தது. மருத்துவமனையின் அறவியல் குழு மருத்துவர் பக்கம் சாய்ந்தால், நோயாளியை ஏற்றுக்கொள்ளும் வேறு மருத்துவமனையைத் தேடக் குடும்பத்துக்கு 10 நாள் அவகாசம். கிடைக்காவிட்டால் சிகிச்சையை நிறுத்தலாம். வேறு மருத்துவமனை கிடைப்பது அரிது. தீர்ப்புச் சொல்லும் குழு அதே மருத்துவமனையைச் சேர்ந்தது. இதைப் பஞ்சாயத்து என்று சொல்வதே கடினம். நெடுங்கால எதிர்ப்புக்குப் பின் 2023-ல் அவகாசம் 25 நாளாக நீட்டப்பட்டது. இந்தியாவில் பிரச்சினை நேர்மாறானது. கண்ணியத்தோடு இறப்பதும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றாலும், அதற்கு விதித்த நடைமுறை நீதித்துறை மாஜிஸ்திரேட் வரை நீண்டதால் யாராலும் பின்பற்ற முடியவில்லை. 2023 ஜனவரியில் அது எளிமையாக்கப்பட்டது. ஒரு பக்கம் மருத்துவமனைக்கு அதிக அதிகாரம், மறு பக்கம் யாருக்குமே இல்லாத அதிகாரம். வெளியாள் ஒருவராவது இருக்கும் குழு, இரண்டாவது மருத்துவரின் கருத்து, மேல்முறையீட்டுக்கு நியாயமான காலம்: இவ்வளவும் இருந்து நோயாளி உயிரோடிருக்கும்போதே முடிகிற நடைமுறைதான் பயன்படும்.

ஆனால் நீதிமன்றத்தையும் குழுவையும் எட்டுபவை மிகச் சில. மற்றவை எல்லாம் ஒரு சிறு அறையில், அல்லது நடைபாதையில் நின்றபடி நடக்கும் பேச்சில் முடிவாகின்றன. பிரான்சில் 21 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வு ஒன்று, நோயாளியின் உறவினர்களில் மூன்றில் ஒருவருக்கு மூன்று மாதம் கழித்தும் பேரதிர்ச்சியின் பின்விளைவுக்கான மன அறிகுறிகள் இருந்ததைக் கண்டது. இறுதிக்கட்ட முடிவில் தாமும் பங்கேற்ற உறவினர்களிடம் அது 80 சதவீதத்தைத் தாண்டியது. முடிவை மருத்துவர்களே எடுத்துவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மருத்துவர் சுமக்க வேண்டிய பாதியையும் சேர்த்துக் குடும்பத்தின் தோளில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் இதில் பார்க்கிறேன்.

அதே நாட்டில் 2007-ல் வெளியான மற்றோர் ஆய்வு மாற்று வழியையும் காட்டியது. குடும்பத்தோடு நடக்கும் சந்திப்பில் மருத்துவர்கள் குறைவாகப் பேசி அதிகம் கேட்க வேண்டும், உணர்ச்சிகளை ஒப்புக்கொள்ள வேண்டும், நோயாளி எப்படிப்பட்ட மனிதர் என்று விசாரிக்க வேண்டும் என்று பயிற்சி தந்தார்கள். சந்திப்பு 20 நிமிடத்திலிருந்து 30 நிமிடமாயிற்று. குடும்பம் பேசிய நேரம் 5 நிமிடத்திலிருந்து 14 ஆயிற்று. மூன்று மாதம் கழித்து, அதிர்ச்சி அறிகுறி உள்ளவர்கள் 69 சதவீதத்திலிருந்து 45 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். கூடுதல் பத்து நிமிடத்துக்கு இவ்வளவு பலன் தரும் மருந்து ஏதாவது இருந்தால் எல்லா மருத்துவமனைகளும் அதை வாங்கி அடுக்கியிருக்கும்.

அந்தச் சந்திப்பில் கேட்க வேண்டியது, "அவருக்கு வென்டிலேட்டர் வேண்டுமா?" என்பது அன்று. "அவர் எதற்காக எதைத் தாங்கிக்கொள்வார்? எந்த நிலையை ஒருபோதும் ஏற்க மாட்டார்? இதைப் பற்றி எப்போதாவது பேசியிருக்கிறாரா?" உங்கள் விருப்பம் என்ன என்று மகளைக் கேட்பதும், உங்கள் அப்பா இங்கே உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வார் என்று கேட்பதும் ஒன்றல்ல. உறவினரின் ஊகமும் முழுக்க நம்பத்தக்கது அன்று. 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவர்கள் நோயாளியின் விருப்பத்தைச் சரியாகச் சொன்னது மூன்றில் இரண்டு தடவை. இருந்தும் அந்நியரின் ஊகத்தைவிட அதை ஏற்பதற்குக் காரணம் இருக்கிறது. விடை கிடைத்தபின் மருத்துவர் தன் பங்கைச் செய்ய வேண்டும்: "நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், இன்னொரு முறை அவரை இயந்திரத்தில் வைப்பது சரியல்ல என்பது என் பரிந்துரை. வலியும் மூச்சுத் திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்வோம்." கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டுவது அதற்குப் பிறகுதான்.

உறுதியாகத் தெரியாதபோது, காலவரையறை வைத்து முயன்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்து மிக நேர்மையான வழி. மூன்று நாளோ ஐந்து நாளோ முழுவீச்சில் சிகிச்சை. எந்தெந்த அறிகுறி தெரிந்தால் முன்னேற்றம், எது நடந்தால் தோல்வி என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது. அந்த நாளில் மறுபடி கூடுவது. சிகிச்சையை நிறுத்தும்போது யாரும் திடீரென்று கைவிட்டதாக உணர்வதில்லை, ஏனெனில் உடலே விடை சொல்லிவிட்டது. இதில் ஏமாற்றுக்கும் இடம் உண்டு: முடிவை முன்பே எடுத்துவிட்டுக் குடும்பம் பழகிக்கொள்ளட்டும் என்று பெயருக்கு நடத்தப்படும் முயற்சிகளும் உண்டு. குறித்த நாளில் யாரும் வந்து பேசாமல், கெடு தானாக நீண்டுபோவது அதைவிடச் சாதாரணம்.

நிறுத்துவது ஒரு சிகிச்சையைத்தான், கவனிப்பை அன்று. இது எல்லோரும் சொல்வது, செய்வது அரிது. மீட்பு முயற்சி வேண்டாம் என்ற குறிப்பு எழுதப்பட்ட படுக்கையை மருத்துவர் குழு வேகமாகக் கடந்துபோவதைப் பார்த்த குடும்பங்கள், அடுத்த முறை அந்தக் குறிப்புக்குச் சம்மதிக்காததில் என்ன வியப்பு? வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த் தணிப்புச் சிகிச்சை, கடைசி நாளில் கொண்டுவரப்படும் ஆறுதல் பரிசு அன்று. நுரையீரல் புற்றுநோய் பரவிய 151 பேரிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், நோய் கண்டறிந்த உடனேயே தணிப்புச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள், கடைசிக் கட்டத்தில் குறைவான தீவிரச் சிகிச்சையே பெற்றார்கள், மனச்சோர்வும் குறைவு. அவர்களுடைய ஆயுளின் இடைநிலை அளவு 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம்.

இவ்வளவுக்குப் பிறகும் தீராத ஒரு வகை இருக்கிறது. மருத்துவர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டார், குடும்பமும் புரிந்துகொண்டது, ஆனால் தொலைவில் இருக்கும் மகன் வந்து சேர இரண்டு நாள் ஆகும், அதுவரை இயந்திரம் ஓடட்டும் என்கிறார்கள். நோயாளிக்கு இதனால் எந்த நன்மையும் இல்லை. கண்டிப்பான அளவுகோலின்படி இது பயனற்ற சிகிச்சைதான். ஆனாலும் அவர் வலியுணராத நிலையில் இருக்கிறார் என்பது உறுதியானால், அந்த இரண்டு நாளைக் கொடுப்பதே சரி என்பேன். ஒருவருடைய மரணத்தில் அவருடையவர்களுக்கும் பங்கு உண்டு. அவருக்கு வேதனை தெரிகிறது என்றால் இந்த நியாயம் செல்லாது. மகனிடம் தொலைபேசியில் அதைச் சொல்லும் பொறுப்பு மருத்துவருடையது, தாயுடையது அன்று.